லிஃப்டில் இறங்கியவர் யார், ஏறி வந்தவர் யார்? நினைவை அழிக்கும் தொடர்கள் பற்றி

பொருநைக்கரை

‘செவரன்ஸ்’ இரண்டாம் சீசனும் பார்த்து முடித்தாயிற்று. வீட்டில் இதைப் பேச ஆள் இல்லை, அதனால் இங்கே. கதை முடிச்சுகள் எல்லாம் அவிழும், முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது.

பார்க்காமலே படிக்கிறவர்களுக்காகச் சுருக்கம். 2022இல் ஆப்பிள் டிவியில் தொடங்கியது. உருவாக்கியவர் டான் எரிக்சன். பாதிக்கு மேற்பட்ட எபிசோடுகளை இயக்கியவர் பென் ஸ்டில்லர். லூமன் என்று ஒரு கம்பெனி. அதன் கீழ்த்தளத்தில் வேலை பார்க்க வேண்டுமானால் மண்டைக்குள் ஒரு சிப் வைத்துக்கொள்ள வேண்டும். லிஃப்டில் இறங்கும்போது வெளியுலக நினைவு அணைந்துவிடும். சாயங்காலம் ஏறும்போது ஆபீஸ் நினைவு அணைந்துவிடும். உடம்பு ஒன்று, ஆள் இரண்டு. உள்ளே இருக்கிறவருக்கு வீடு கிடையாது, தூக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. லிஃப்ட் கதவு மூடும், திறக்கும், அடுத்த நாள் வேலை. தொடரில் இன்னி, அவுட்டி என்பார்கள். நான் உள்ளாள், வெளியாள் என்று எழுதுகிறேன்.

கதாநாயகன் மார்க், மனைவி இறந்த துக்கம் தாங்காமல் இந்த வேலைக்கு வருகிறவன். தினமும் எட்டு மணி நேரமாவது துக்கம் இல்லாமல் இருக்கலாமே என்ற கணக்கு. அது நமக்குப் புரிகிறது. ஆனால் ஹெல்லி என்று ஒருத்தி மீட்டிங் மேஜை மேல் கண் விழிக்கிறாள், தன் பெயர்கூடத் தெரியாது. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறாள். அதை ஏற்க வேண்டியது அவளுடைய வெளியாள். அந்த வெளியாள் வீடியோவில் வந்து, நான்தான் மனுஷி, நீ இல்லை, முடிவெடுப்பது நான் என்கிற மாதிரி பேசிவிட்டுப் போகிறாள். தன் முகத்தை வைத்துக்கொண்டு தனக்கே அந்தப் பதில்! அந்தக் காட்சியில் நான் டிவியை நிறுத்திவிட்டு வராந்தாவில் போய் நின்றேன்.

என் கட்சி இதுதான். நினைவு போனால் நான் நானா என்ற கேள்வியைத்தான் இந்த வகைத் தொடர்கள் கேட்கின்றன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நினைவு விட்டுப்போகிற இடத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. லூமனில் பயங்கரம் மறதி இல்லை. லிஃப்டில் எழுத்தைக் கண்டுபிடிக்கிற கருவி வைத்திருக்கிறார்களே, ஒரு துண்டுச்சீட்டு கூட மேலே போகாதபடி, அதுதான் பயங்கரம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இரவு ஷிப்ட்

அண்ணாச்சி, நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் சில வருஷம் இருந்தவன். ராத்திரி எட்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் என் பெயர் கெவின். ஊர் கேட்டால் சொல்லக்கூடாது. வெயிலா மழையா என்று அந்த ஆள் கேட்டால், அவன் ஊர் வானிலையைத் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஐப்பசி மழையில் கட்டடமே ஒழுகிக்கொண்டிருக்கும், நான் சிரித்துக்கொண்டே “இங்கே நல்ல வெயில்” என்பேன். விடிகாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கெவின் யாரிடம் திட்டு வாங்கினான் என்பது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும். அதுதான் தொல்லை. சிப் இருந்திருந்தால் அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், சத்தியமாக.

அதனால் மார்க்கை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவன் கம்பெனிக்கு அடிமையாகவில்லை. தனக்குக் கீழே ஒரு அடிமையை வைத்துக்கொண்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லிடை அப்பளம்

நீங்கள் எல்லாரும் ஆப்பிள், எச்பிஓ என்று எங்கேயோ போகிறீர்கள். நினைவும் அடையாளமும் பற்றி நம் மெகா சீரியல் செய்த ஆராய்ச்சியை யாரும் மதிப்பதில்லை. ஒரு நாள் சாயங்காலம் மாமியார் வேறு முகத்தோடு வருவார். கீழே ஒரு கார்டு: ‘இவருக்குப் பதில் இவர்’. எங்கள் ஆச்சி ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். “இவ கொஞ்சம் சிவப்பு” என்பார். அடுத்த காட்சியில் அதே மாமியார், அதே வன்மம், அதே பீரோ சாவி. முகம் போச்சு, குரல் போச்சு, உடம்பே போச்சு. ஆள் போகவில்லை. ஏன்? மருமகள் இன்னும் அவளைப் பார்த்து நடுங்குகிறாளே!

இங்கிலாந்துக்காரன் 1966இலேயே ‘டாக்டர் ஹூ’வில் இதைச் செய்துவிட்டான். நடிகருக்கு உடம்பு முடியவில்லை, ஆளை மாற்ற வேண்டும். கதாநாயகன் வேற்றுக்கிரகத்துக்காரன், அவன் உடம்பு புதுப்பித்துக்கொள்ளும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அதை வைத்தே அந்தத் தொடர் இன்னும் ஓடுகிறது. நாம் காரணம்கூடக் கேட்கவில்லை, கார்டு போதும்.

பொருநைக்கரை

வே அப்பளம், சிரிப்பாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அதே ‘டாக்டர் ஹூ’வில் 2008இல் டோனா என்கிற பெண்ணின் நினைவை டாக்டரே (கதாநாயகனின் பெயரே அதுதான்) அழிக்கிறார். அழிக்காவிட்டால் அவள் செத்துவிடுவாள் என்று காரணம். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சுகிறாள், கேட்கவில்லை. அப்புறம் அவளுடைய அம்மாவையும் தாத்தாவையும் உட்கார வைத்து, அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள் என்கிறார். நல்லவன் கையில் சாவி இருந்தாலும் எனக்கு அது உறுத்தியது.

முக்கூடல் மகள்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு மறதி நோய். இப்போது என்னைத் தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் பிறந்ததே அவருக்கு நினைவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அம்மா கல்யாணமான நாளிலிருந்து பீடி சுற்றியவர். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதானே. சில நாள் மத்தியானம் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் தட்டு இருக்கிற மாதிரி வைத்துக்கொள்வார். தட்டு இருக்காது. இடது கை இலையைப் பிடிக்கும், வலது கை தூளை எடுத்துப் பரப்பும், இரண்டு பெருவிரலும் சேர்ந்து உருட்டும், நூலைச் சுற்றி இழுத்து அறுக்கிற அந்தச் சின்ன வெட்டு இருக்கிறதே, அதுவரை வரும். கையில் ஒன்றுமே இருக்காது. நான் பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தேன். “இது இலையா, கழிவு போடுவான்” என்று தூக்கி எறிந்துவிட்டார். தரம் தெரிகிறது, மகளைத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு இந்தத் தொடர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு கோபம். நினைவு என்பது ஒரே பெட்டி, திறந்து காலி பண்ணிவிடலாம் என்றே காட்டுகிறார்கள். அப்படி இல்லை என்பது எப்போதோ தெரிந்த விஷயம். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்தார்கள், நினைவைப் பதியவைக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் புது ஞாபகம் எதுவும் தங்கவில்லை. 2008இல் இறக்கும்வரை அப்படித்தான். பிரெண்டா மில்னர் என்கிற ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவை! இதற்கு முன் வரைந்த நினைவே இல்லை.

கிளைவ் வேரிங் என்று இங்கிலாந்தில் ஒரு இசைக்காரர், 1985இல் மூளையில் வைரஸ் தொற்று வந்து அதைவிட மோசம், சில நொடிகளுக்கு மேல் எதுவும் நிற்காது. இப்போதுதான் முழித்தேன் என்று டைரியில் திரும்பத் திரும்ப எழுதி, முன்னால் எழுதியதை அடித்துவைப்பார். பியானோ முன்னால் உட்கார வைத்தால் வாசித்தார். மனைவி கதவைத் திறந்து வரும்போதெல்லாம் பல வருஷம் கழித்துப் பார்க்கிற மாதிரி சந்தோஷப்பட்டார். மற்றதெல்லாம் போன இடத்தில் அந்த அன்பு எங்கே தங்கியிருந்தது? எந்தத் தொடர் இதைக் காட்டியிருக்கிறது?

தாழையூத்து தாத்தா

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குக் கிட்டே வருகிறது ‘டால்ஹவுஸ்’, 2009, ஃபாக்ஸ் சேனல். பணக்காரர்களுக்கு வேண்டிய ஆளாக மாற்றி வாடகைக்கு அனுப்புவதற்காகச் சிலருடைய மனத்தைத் துடைத்து வைத்திருப்பார்கள். துடைத்த நிலையில் பச்சைப்பிள்ளை மாதிரி அலைவார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் அதே மூன்று பேர் அதே மேஜையில் போய் உட்காருவார்கள். கண்காணிக்கிறவர்களுக்கே அதைப் பார்த்து வயிற்றைக் கலக்கும். விக்டர், சியரா என்று இரண்டு பேர், எத்தனை தடவை துடைத்தாலும் ஒருவரையொருவர் தேடிப் போவார்கள். இரண்டே சீசனில் நிறுத்திவிட்டார்கள். பாதி எபிசோடு சுமார்தான், ஆனால் அந்தச் சாப்பாட்டு மேஜை நன்றாக வந்திருந்தது.

‘செவரன்ஸ்’ தொடரிலும் மார்க்கோடு வேலை பார்க்கிற இர்விங்கை மறக்காதீர்கள். வெளியாள் இர்விங் வீட்டில் ராத்திரியெல்லாம் ஒரே படத்தை வரைந்துகொண்டே இருப்பான்: இருட்டு நடை, கடைசியில் லிஃப்ட். அவன் அதைப் பார்த்ததே கிடையாது.

முக்கூடல் மகள்

இர்விங்கை மறந்துபோனேன்! ஆமாம், அது கிட்டத்தட்ட எங்கள் அம்மா கைதான். நன்றி ஐயா.

தாழையூத்து தாத்தா

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நான் ‘ஸ்டார் ட்ரெக்’ என்கிற விண்வெளித் தொடர்களின் ஆள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அழிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், இல்லாததைத் திணிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த ஒரே உலகத்தில் அப்படி இரண்டு கதை இருக்கிறது. 1992இல் வந்த ‘தி இன்னர் லைட்’: விண்கலக் கேப்டன் பிக்கார்ட் மயங்கி விழுகிறார், இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் வேறொரு கிரகத்தில் காமின் என்ற ஆளாக முழு ஆயுசு வாழ்ந்துவிடுகிறார். கல்யாணம், பிள்ளைகள், பேரன், நரை. அந்தக் கிரகம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அழிந்தது. தங்களை யாராவது ஒருத்தராவது நினைவு வைத்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் அனுப்பிய கருவி அது. எழுந்த பிறகு அவருக்குப் புல்லாங்குழல் வாசிக்கத் தெரியும்.

1996இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ‘ஹார்ட் டைம்’. ஓ’பிரையன் என்கிற இன்ஜினியரை உளவாளி என்று தப்பாகப் பிடிக்கிறார்கள். சிறை எதற்கு, இடம் எதற்கு, செலவு எதற்கு? இருபது வருஷச் சிறையைச் சில மணி நேரத்தில் மண்டைக்குள் ஏற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வருகிறான். கட்டிலில் படுக்க முடியவில்லை, தரையில் படுக்கிறான். சாப்பாட்டைச் சாப்பிடாமல் மடித்து ஒளித்துவைக்கிறான். மகளைக் கை ஓங்கிவிட்டு அதற்காகவே செத்துப்போகலாம் என்று துப்பாக்கியை எடுக்கிறான். அந்தச் சிறையில் பட்டினியில் கூட இருந்தவனைக் கொன்றுவிட்டோம் என்பதுதான் அவனை அரிக்கிறது. கூட இருந்தவன் என்று யாருமே இல்லை, கொலையும் இல்லை. குற்ற உணர்ச்சி மட்டும் அசல். டாக்டர் நண்பனாலும் அந்த நினைவை எடுக்க முடியவில்லை.

ஒரு குறை: அடுத்த வாரம் ஓ’பிரையன் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்கு வந்துவிடுவான். அந்தக் காலத்து டிவி அப்படி.

களக்காடு வாழைத்தோட்டம்

அண்ணாச்சி முதலில் கேட்டாரே, சாவி யார் கையில் என்று. எங்கள் பெரியப்பா சுடலைமாடனுக்குக் கோமரத்தாடி, அதாவது சாமியாடி. அதை இங்கே சொல்லலாம் என்று தோன்றுகிறது.

கொடை ராத்திரி, கோயில் திருவிழா. வில்லுப்பாட்டில் மாடன் பிறப்பு முடிந்து, கணியான் கூத்தில் மகுடச் சத்தம் ஏறுகிற நேரம். பெரியப்பா கச்சையும் சல்லடமும் கட்டிக் குல்லாய் வைத்து நிற்பார். சாதாரண நாளில் அதிர்ந்து பேசாத மனுஷன், ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால்கூட ஒன்றும் சொல்லமாட்டார். முதலில் இடது தோள் ஒரு தடவை துடிக்கும். அப்புறம் ஒரு கொட்டாவி, பெரிதாக. எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும் பிள்ளைகளை ஓரமாக இழுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பேசுகிறவர் பெரியப்பா இல்லை. வல்லயத்தைத் தூக்கிக்கொண்டு நடுச்சாமம் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார், திரும்பி வந்து குறி சொல்லுவார். எங்கள் அத்தையிடம் ஒரு கொடையில், வயலை விற்காதே, விற்றால் வாசலில் நிற்கமாட்டேன் என்றார். விலை பேசி முன்பணம் வாங்கியது அத்தைக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அத்தை இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

சாமி மலையேறியதும் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்போம். விடிந்ததும் டீயைக் குடித்துக்கொண்டே பெரியப்பா கேட்பார்: “ஏல, ராத்திரி நான் என்னல சொன்னேன்?” அவருக்கு ஒன்றும் தெரியாது. அத்தை சொல்லுவார், சித்தப்பா சொல்லுவார், நான் சொல்லுவேன். ஒரே குறிக்கு மூன்று பாடம். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியா சொல்லுச்சு” என்பார். “சொன்னேன்” என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இவருக்கும் உள்ளாள், வெளியாள் இருக்கிறது. நடுவில் ஒன்றும் நினைவில் இல்லை. ஆனால் அவர் இரண்டாக உடைந்துபோகவில்லை. லிஃப்டில் சோதனைக் கருவி இல்லை. ஊர் முழுக்க அவருடைய அந்த ராத்திரியை வைத்திருக்கிறது, கேட்டால் கொடுத்துவிடுகிறது.

பொருநைக்கரை

இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். மறதி இருக்கிறது, ஆனால் மற்றவர்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. லூமன் செய்வது அந்த மற்றவர்களை வெட்டிவிடுவது. மார்க்கின் மனைவி சாகவில்லை, அதே கட்டடத்தில் வேறு பெயரில் அவன் எதிரில் உட்கார்ந்து பேசுகிறாள், இரண்டு பேருக்குமே அடையாளம் தெரியாது என்பதைவிட இதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

வள்ளியூர் வாசகி

களக்காட்டுத் தம்பி அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் ஊர் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. அந்த மூன்று பாடத்தில் எந்தப் பாடம் ஜெயிக்கும்? சத்தமாகப் பேசுகிற சித்தப்பா பாடம். வயல் விஷயத்தில் லாபம் யாருக்கு என்று பார்த்தால் குறி யார் சொன்னது என்று தெரிந்துவிடும் (கோபிக்காதீர்கள், பொதுவாகச் சொல்கிறேன்).

இன்னொன்று. உங்கள் பெரியப்பாவுக்கு அருள் வந்தால் கோமரத்தாடி. எங்கள் சித்திக்கு அதே மாதிரி தோள் துடித்து, அதே மாதிரி குரல் மாறி, மாமியார் செய்ததையெல்லாம் சபையில் சொன்னபோது அது சாமி இல்லை, பேய் என்று முடிவாகி, வேப்பிலை அடித்தார்கள். மறுநாள் சித்தி என்ன சொன்னேன் என்று கேட்டபோது யாரும் சொல்லவில்லை. “ஒண்ணுமில்ல, நீ தூங்கு.” அவருடைய அந்த ஒரு மணி நேரத்தை ஊர் இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வாசலில் சோதனைக் கருவி இல்லை என்றா சொல்கிறீர்கள்?

களக்காடு வாழைத்தோட்டம்

அக்கா, கோபமெல்லாம் இல்லை. வயலை விற்காததில் லாபம் எங்கள் அப்பாவுக்குத்தான், பக்கத்து வயல் எங்களுடையது. 😀 நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

பாளை மாணவி

நான் நரம்பியல் படிக்கிறேன், ஒரு விஷயம் சேர்க்கிறேன். மூன்று பேர் மூன்று பாடம் சொல்வது ஊரில் மட்டுமில்லை, ஒரே மண்டைக்குள்ளும் நடக்கிறது. எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் செய்த சோதனை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். கார் மோதுகிற படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் வண்டிகள் முட்டியபோது வேகம் என்ன என்று கேட்டார்கள், சிலரிடம் நொறுங்கியபோது வேகம் என்ன என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டால், நொறுங்கிய என்று கேட்கப்பட்டவர்களில் மற்றவர்களைவிட அதிகம் பேர் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

2000இல் கரீம் நாடரும் ஜோசப் லெடூவும் எலிகளில் காட்டியது இன்னும் விசேஷம். ஒரு சத்தத்துக்குப் பயப்படப் பழக்கிய எலிக்கு அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்கவைத்து, உடனே மூளையில் புரதம் உண்டாவதைத் தடுக்கிற மருந்தை, பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில் செலுத்தினார்கள். பயம் போய்விட்டது. சத்தத்தை ஞாபகப்படுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்தால் போகவில்லை. அதாவது ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும்போது அது இளகுகிறது, மறுபடி இறுக வேண்டியிருக்கிறது. 2013இல் சுசுமு டோனேகாவாவின் ஆய்வகம், எலிக்கு வேறு இடத்தில் அதிர்ச்சி கொடுக்கும்போது முதல் இடத்து நினைவுச் செல்களை ஒளியால் தூண்டி, முதல் இடத்தில் நடக்காத பயத்தைப் பொய்யாகவே உண்டாக்கிக் காட்டியது. மனிதர்களிடம் இதை அப்படியே செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளின் முடிவு கலவையாகத்தான் இருக்கிறது.

அதனால் எனக்குப் பிடித்தது ‘பிளாக் மிரர்’ முதல் சீசன், 2011, ‘தி என்டயர் ஹிஸ்டரி ஆஃப் யூ’. காதுக்குப் பின்னால் ஒரு சிப், பார்த்தது கேட்டது எல்லாம் பதிவாகும், ஓட்டிப் பார்க்கலாம். அதில் நினைவு இளகுவதே இல்லை. மனைவி ஒரு விருந்தில் ஒருத்தனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவன் திரும்பத் திரும்ப ஓட்டி ஓட்டியே குடும்பத்தை அழித்துக்கொள்கிறான். அவன் சந்தேகப்பட்டது உண்மை என்பதுதான் கொடுமை. கடைசியில் பிளேடால் தானே அதை அறுத்து எடுக்கிறான். இந்த இழையில் மறதி கொடுமை என்று எல்லோரும் சொல்கிறோம், மறக்கவே முடியாதவன் கதை இது.

இரவு ஷிப்ட்

‘வெஸ்ட்வேர்ல்ட்’டை யாரும் எடுக்கவில்லையே? 2016, எச்பிஓ. அதில் இயந்திர மனிதர்களுக்கு நினைவு வந்தால் நமக்கு மாதிரி மங்கலாக வராது, அச்சாக மறுபடி நடக்கும். டோலோரஸுக்கு இது இப்போதா, முப்பது வருஷத்துக்கு முன்பா என்றே தெரியாது. நாமும் அவளோடு ஏமாந்து இரண்டு காலத்தை ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருப்போம். முதல் சீசன் அபாரம்.

கல்லிடை அப்பளம்

முதல் சீசன் அபாரம். மூன்றாவது சீசனில் யார் யார் என்று எனக்கே தெரியவில்லை, என் நினைவைத்தான் அழித்துவிட்டார்கள்.

வண்ணார்பேட்டை வக்கீல்

மாலை நேரம், கட்சிக்காரர் வரவில்லை, எழுதுகிறேன்.

அதே ‘பிளாக் மிரர்’ தொடரில் 2013இல் வந்த ‘ஒயிட் பேர்’ எபிசோடைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு பெண் ஒன்றும் நினைவில்லாமல் விழிக்கிறாள். முகமூடிக்காரர்கள் துரத்துகிறார்கள், சுற்றி நிற்கிறவர்கள் உதவாமல் போனில் படம் எடுக்கிறார்கள். முடிவில்தான் தெரிகிறது: அவள் ஒரு குழந்தையின் கொலைக்கு உடந்தை, காதலன் செய்ததைப் படம் எடுத்தவள். தினமும் அவளைத் துரத்தி, ராத்திரி நினைவை அழித்து, மறுநாள் மறுபடி. டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள்.

1694இல் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் ஜான் லாக் ஒரு அத்தியாயம் சேர்த்தார். ஆள் என்பது உடம்பு இல்லை, நினைவுத் தொடர்ச்சிதான் என்று வாதம். அப்படியானால் குடித்துவிட்டுச் செய்ததைத் தெளிந்தபின் மறந்தவனை ஏன் தண்டிக்கிறோம்? உண்மையாகவே மறந்தானா என்று நீதிமன்றத்தால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் தண்டிக்கிறோம். இறுதித் தீர்ப்பு நாளில் தனக்கே தெரியாத ஒன்றுக்கு எவனும் பதில் சொல்லவேண்டியிருக்காது என்று சமாளித்தார்.

நம் சட்டம் இந்தக் குழப்பத்துக்குள் போவதில்லை. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 84. செயல் நடந்த நேரத்தில் என்ன செய்கிறோம், அது தவறு என்று அறியும் நிலையில் மனம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அப்புறம் மறந்துபோவது விலக்கு ஆகாது. ஆக ‘ஒயிட் பேர்’ பெண் நம் நீதிமன்றத்திலும் குற்றவாளிதான். ஆனால் அந்தத் தண்டனை செல்லாது. எதற்கு என்றே அறியாதவளுக்குக் கொடுப்பது தண்டனை இல்லை, பார்க்கிறவனுக்குத் தீனி.

அதே தொடரில் 2017இல் வந்த ‘குரோக்கடைல்’ எபிசோடில் இன்சூரன்ஸ் விசாரணைக்காரி சாட்சிகளின் மண்டையிலிருந்து நினைவைத் திரையில் எடுப்பாள், மாட்டேன் என்று மறுக்க யாருக்கும் வழியில்லை. இங்கே 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நார்கோ சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை எதையும் ஒருவர் சம்மதமின்றிச் செய்யக்கூடாது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிற அரசமைப்பின் 20(3)க்கு விரோதம். மண்டைக்குள் இருப்பதும் வாக்குமூலம்தான் என்று இதற்கு அர்த்தம். இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாமல் இந்தியாவில் யாரும் அறிவியல் புனைவு எழுதக்கூடாது என்று நான் உத்தரவு போடுவேன், அதிகாரம் இருந்தால்.

பொருநைக்கரை

வக்கீலய்யா, வசமாக வந்தீர்கள். ஹெல்லியின் உள்ளாள் உங்களிடம் வந்தால் என்ன கேஸ் போடுவீர்கள்? கம்பெனி சொல்லும், கையெழுத்து அவளுடையது, கைரேகை அவளுடையது, சம்மதத்தோடுதான் வந்தாள் என்று. லூமனில் இன்னொரு பிரிவில் வேலை பார்க்கிற பர்ட் ரிட்டயர் ஆகிற காட்சி இருக்கிறதே, வெளியாள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறான், உள்ளாளுக்கு அது சாவு. கொண்டாடி வழியனுப்பி வைக்கிறார்கள். அதற்கு என்ன பிரிவு?

வண்ணார்பேட்டை வக்கீல்

சாவுக்குப் பிரிவு இல்லை, உடம்பு நடமாடுகிறதே. வேலைக்கு உண்டு. 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அதில் சம்மதம், பத்திரம், கைரேகை எதுவும் எடுபடாது, கொத்தடிமை ஒப்பந்தம் எதுவானாலும் செல்லாது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பதையும் அது பிடிக்கும். ஒருவர் வாங்கியதற்கு இன்னொருவர் உழைப்பு என்பதுதான் அதன் உயிர்நாடி. இங்கே சம்பளம் வாங்குகிறவள் மேலே, உழைக்கிறவள் கீழே. வேலையை விட உரிமை இல்லை, வெளியே போக உரிமை இல்லை. எதிர்த்தரப்பு, இரண்டும் ஒரே ஆள், தனக்குத்தானே எப்படி அடிமை ஆக முடியும் என்று கேட்கும். அப்போது அந்த வீடியோவைப் போட்டுக்காட்டுவேன். நீ மனுஷி இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாளே, அய்யா, அப்படியானால் இரண்டு பேர் என்று அவர்கள் தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டது.

வள்ளியூர் வாசகி

கேஸ் ஜெயித்தால் விடுதலைச் சான்றிதழ் யார் பெயரில் கொடுப்பார்கள்? உள்ளாளுக்கு ஆதாரும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை, அப்பா பெயரும் தெரியாது.

வண்ணார்பேட்டை வக்கீல்

சேரன்மகாதேவி சப் கலெக்டர் ஆபீஸில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆபீஸில் அவளுக்கு இருக்கிற ‘ஹெல்லி ஆர்.’ என்ற பெயரிலேயே கொடுக்க வேண்டியதுதான்.

கல்லிடை அப்பளம்

இனிஷியலை முன்னால் போட்டுக் கொண்டுவா என்று திருப்பி அனுப்புவார்கள்.